கடல் வேண்டாம், ஏரிக்கே பெயர் கொடுங்கள்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். சைக்கிள் கடைக்காரர் பிரேக் மாற்ற வருவார். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசாமல் உள்ளே கூப்பிடுங்கள். நான் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிடுவேன்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த உங்கள் டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். "கடல் இருக்கிற ஊர் போட்டியா, ஏரி இருக்கிற ஊர் போட்டியா, நீயே சொல்லு" என்று நேற்று ஆசையாகத்தான் கேட்டீர்கள். "இந்த வயசுல எதுவும் வேண்டாம், பேசாம வீட்ல இருங்க" என்று நான்தான் எரிந்து விழுந்தேன். "நான் எது செஞ்சாலும் உனக்கு ஆகாதே" என்று நீங்களும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டீர்கள்.

ஆகாமல் இல்லை. போன முறை கடலில் எல்லோருக்கும் ஒரே மஞ்சள் தொப்பி. ஒரு தலையைப் பார்த்து, "அப்படித்தான், விடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கரையேறியவரிடம் துண்டை நீட்டினால், "அம்மா, நீங்க யாரு?" என்கிறார். பின்னாலேயே வந்த நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நீங்கள் வரும்வரை, "அப்போ என் மனுஷன் எங்கே?" என்று தண்ணீரைப் பார்த்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏரிக்கே பெயர் கொடுங்கள். அங்கே சைக்கிளில் மேடு ஏற வேண்டுமே என்று முனகக்கூடாது. கரையோரமாகவே நடைபாதை இருக்கிறதாம். நீங்கள் நீந்துகிற தூரம் முழுக்க நானும் கூடவே நடந்து வருவேன்.

ஓரத்தில் இன்னொன்று: மூச்சு எடுக்கும்போது முகத்தைக் கரைப்பக்கமாகத் திருப்புங்கள். நான் பார்க்க வேண்டும்.