சாப்பாடு படாத தட்டு

2023 ஜூன் 4, ஞாயிறு

கொடியில் போட்ட துணியெல்லாம் கறுப்பு. பார்ட்டன் வயலில் வெட்டுக்கு முன் கரும்புத் தோகையை எரித்திருக்கிறார்கள், கரி பறந்து வந்திருக்கிறது. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவன் அப்பனும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் திரும்ப ஊறப்போட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட இன்று என் முறை. ஜூன் பிறந்தால் தெற்கே குளிர்காலம், வண்டிக்குப் பின்னால் வீட்டை இழுத்துக்கொண்டு கேரவன்காரர்கள் நம் பக்கம் வெயில் காய வரத் தொடங்கிவிட்டார்கள். யூனிஸ்தான் ஊர் வரலாற்றுச் சங்கத் தலைவி, அதனால் "உங்களுக்குத் தெரியுமா?" துணுக்குகளை அவள்தான் சொல்ல வேண்டும். முதலில் பியானோ. படகிலிருந்து ஆற்றில் விழுந்ததை ரொட்டிக்காரர் தன் அடுப்பறையில் வைத்து உலர்த்திய கதை. ஒரு கட்டை இன்றைக்கும் பேசாது. அதை அழுத்திக் காட்டுவாள், எல்லோரும் "அட" என்பார்கள். அடுத்து முதலை. சர்ச் வாசலில் படுத்துக்கொண்டு நகரவில்லை, கல்யாண மாப்பிள்ளை ஜன்னல் வழியாகக் குதித்து உள்ளே போனார்.

மூன்றாவதாகப் புதிதாக ஒன்று. ஊர் ஹாலுக்கு நூறு வயது ஆகிறது என்பதற்காக எழுதி ஒட்டியிருக்கிறாள். அட்டையைப் பார்த்து ராகம் போட்டுப் படித்தாள்:

"உங்களுக்குத் தெரியுமா? இத்தாலியிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்மணியிடம், ஹால் நடனத்துக்கு ஒரு தட்டு கொண்டு வரச் சொன்னார்கள். அவர் காலித் தட்டோடு வந்து நின்றார்!"

சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கல்லாவில் இருந்த க்ளாரியும் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் தபால் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தான், ஏற்கெனவே அடுக்கி இருந்ததை.

அந்தப் பெண்மணி என் அம்மா.

ஜூன் 5

தூக்கம் இல்லை. எழுதிவிட்டால் வரும்.

1956. எனக்கு எட்டு வயது. சிசிலியிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யூனிஸின் அம்மா திருமதி ஹார்ட்விக் கடை வைத்திருந்தாள். சர்க்கரை நிறுக்கும்போது தராசுத் தட்டில் சுண்டுவிரல் படும், நான் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை நடனத்துக்கு வரச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டாள். "ஒரு தட்டு கொண்டு வா கண்ணு, அது போதும்."

இந்த ஊரில் "தட்டு கொண்டு வா" என்றால் தட்டு நிறையப் பலகாரம் கொண்டு வா என்று அர்த்தம். ஊருக்கே தெரியும். எங்களுக்கு யார் சொன்னது?

அம்மா வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தாள். "நம்ம ஊர்ல கல்யாணம்னா பக்கத்து வீட்டு நாற்காலிய இரவல் கேப்பாங்கல்ல? இங்க தட்டு கேக்கிறாங்க. அவ்வளவு கூட்டம் போல, பாவம்." உடையாமல் கப்பலில் வந்து சேர்ந்தது ஒரே தட்டு. நீலக் கரை போட்டது. அதைத்தான் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 7, புதன்

சங்கக் கூட்டம். நான் எப்போதும் பேசாமல் தேநீர் ஊற்றுகிறவள். இன்று கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன், "அந்த அட்டைய எடுக்கணும்."

யூனிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "அதுல பேரு போடலியே கண்ணு."

கண்ணு! தாயிடமிருந்து கடையோடு சேர்த்து வாங்கிக்கொண்ட சொல்.

"பேரு போடாததுதான் எனக்குக் கோபம். முதலைக்குப் பட்டப்பேரு போட்டிருக்கே, எங்கம்மாவுக்குப் பேரு இல்லியா?"

"யாரையும் புண்படுத்தறதுக்கு இல்ல, நுன்சியா. ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. நடந்ததுதானே?"

"பாதி நடந்தது. மீதிய யார் சொல்றது?"

அப்போதுதான் சொன்னாள். நூற்றாண்டு விழாவுக்கு இந்தத் தகவல்களையெல்லாம் உலோகப் பலகையில் பொறித்து ஹால் சுவரில் அடிக்கப் போகிறார்களாம். மாதக் கடைசியில் பொறிக்கக் கொடுக்கிறார்கள். அதாவது நான் செத்த பிறகும், என் பேரன் பேத்தி செத்த பிறகும், அம்மா அந்தச் சுவரில் காலித் தட்டோடு நின்றுகொண்டிருப்பாள். கேரவன்காரர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

"மீதி இருந்தா நீயே சொல்லேன்," என்றாள் யூனிஸ். "ஞாயித்துக்கிழமை சொல்லு. ஜனங்களுக்குப் பிடிச்சா பலகையில மாத்திடறேன். ஆனா ஒரு நிமிஷந்தான். கச்சேரி வேண்டாம்."

சொல்கிறேன். சொல்லத்தான் போகிறேன்.

ஜூன் 11, ஞாயிறு

கெடுத்துவிட்டேன்.

கப்பலில் ஆரம்பித்தேன். அப்பாவுக்குக் கொடுத்த மண் தரைக் குடிசை, தராசில் பட்ட சுண்டுவிரல், பள்ளிக்கூடத்தில் என் ரொட்டியில் பூண்டு வாசம் என்று மூக்கைப் பொத்திய பிள்ளைகளின் பெயர்கள், அவர்கள் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது உட்பட. தட்டுக்கு வருவதற்குள் பாதிப் பேர் கரும்பு ரயில் இன்ஜினைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஒருவர் கையைத் தூக்கினார். கேள்வி கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

யூனிஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டையாவது போட்டிருக்கலாம். நேராகப் போய்ப் பியானோவின் ஊமைக் கட்டையை அழுத்தினாள். கூட்டம் திரும்பி வந்துவிட்டது.

பூட்டும்போது க்ளாரி சொன்னான், "நீ சொன்னது வரலாறு இல்ல நுன்சியா, வழக்கு. எங்களயெல்லாம் நீதிபதியா உக்கார வெச்சுட்ட. அவங்க லீவுக்கு வந்த ஜனம்."

"நீயும்தானே சிரிச்ச?"

"சிரிச்சேன். சிரிக்கிற மாதிரிதான் எழுதியிருந்தது. அழற மாதிரி சொன்னா ஓடிருவாங்க. வேற மாதிரி ஏதாவது இருக்கும், பாரு."

நாற்பது வருஷம் கரும்பு ரயில் ஓட்டியவன் எனக்குப் பேசச் சொல்லித் தருகிறான்.

ஜூன் 12

யாரிடமும் பேசவில்லை. கோழிகளிடம்கூட.

ஜூன் 14

கோழிகளிடம் பேசினேன். கப்பலை எடுத்துவிட்டேன். மண் தரையை எடுத்துவிட்டேன். பூண்டையும் எடுத்துவிட்டேன் — அந்தப் பெயர்களை விட மனமில்லை, ஆனாலும் எடுத்துவிட்டேன். சுண்டுவிரலை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அது உண்மை. சத்தியமான உண்மை. ஆனால் அது சர்க்கரைக் கதை, தட்டுக் கதை இல்லை.

எடுக்க எடுக்க மிச்சம் அம்மா மட்டும்தான் நின்றாள்.

ஜூன் 18, ஞாயிறு

இந்த மாதத்தில் இப்படி ஒரு மழையா! ஒரு ஆள் வரவில்லை. க்ளாரிக்கு முழங்கால் வலி, அவனும் வரவில்லை. நானும் யூனிஸும் மட்டும். அவள் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்தாள், நான் கரும்பு வெட்டும் கத்திகளுக்கு எண்ணெய் போட்டேன். கத்தி என் கையில் இருந்தது நல்ல சகுனம்.

அவளாகவே ஆரம்பித்தாள். "அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன். எனக்குப் பத்து வயசு."

"தெரியும். மஞ்சள் கவுன். வாய் முழுக்க கேக்."

"எங்கம்மா வேணும்னு செய்யல, நுன்சியா."

நான் எண்ணெய்த் துணியைப் பிழிந்தேன். அறுபத்தேழு வருஷமாக நான் நம்பிக்கொண்டிருப்பது வேறு. அவள் அம்மா தெரிந்தேதான் சொன்னாள், நாங்கள் வந்து நின்று அசடு வழிய வேண்டும் என்றுதான் சொன்னாள் என்று.

"அம்மா யாரைக் கண்டாலும் அப்படித்தான் சொல்லுவா. பாதிரியார் பொண்டாட்டிகிட்டயும் அதேதான், தட்டு கொண்டு வா. அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் இருக்கலாம்னே அவளுக்குத் தோணினதில்ல. பொறந்ததுலேர்ந்து இந்த ஊரத் தாண்டாதவ."

"சிரிச்சாளே?"

யூனிஸ் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள். "சிரிச்சா. முதல்ல சிரிச்சதே அவதான்."

மழை விட்டது. நான் கிளம்பிவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லையாம். இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். இதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிரித்தது பொய் இல்லையே. அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 25, ஞாயிறு

இன்றுதான் கடைசி வாய்ப்பு. தட்டைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து எடுத்துப் போனேன்.

கேரவன்காரர்களோடு முதியோர் இல்லத்து வண்டியும் வந்திருந்தது. கூட லோர்னா. பிலிப்பைன்ஸ்காரி, அங்கே பராமரிப்பு வேலை, கிழவர்களைக் குரலை வைத்தே அடக்கிவிடுவாள். பியானோ ஆயிற்று, முதலை ஆயிற்று. யூனிஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

நான் கதை சொல்லவில்லை. கேள்வி கேட்டேன். "ஒரு தட்டு கொண்டு வாங்கன்னு சொன்னா, என்ன கொண்டு வருவீங்க?"

"சாண்ட்விச்!" "சாசேஜ் ரோல்!" "என் பொண்டாட்டி செய்யற பஜ்ஜி மாதிரி ஒண்ணு, தயவு செஞ்சு அதக் கேக்காதீங்க!" அவன் மனைவி அவன் தோளில் ஒரு போடு போட்டாள்.

"தட்டு," என்றது பின்னால் ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். லோர்னா. "தட்டு கேட்டா தட்டுதான? நான் வந்த புதுசுல போனேனே. பிளாஸ்டிக் தட்டு. ஒரு டஜன்! எனக்குப் பெரிய மனசு."

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் இது அந்தச் சிரிப்பு இல்லை, அவளைச் சேர்த்துக்கொண்ட சிரிப்பு. சக்கர நாற்காலியில் இருந்த கிரேக்கக் கிழவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "எங்க வீட்லயும். முள்கரண்டியும் சேத்துக் கொண்டு போனோம்."

சிரிப்பு அடங்கும்வரை இருந்தேன். பிறகு சொன்னேன்:

"எங்கம்மா பேரு கொன்செட்டா. 1956. ஹால்ல தட்டு பத்தாதுன்னு நெனச்சா. வீட்ல உடையாம இருந்தது ஒண்ணே ஒண்ணு, அதக் கொண்டு வந்தா. எல்லாரும் சிரிச்சாங்க. எங்களக் கூட்டி வந்த லாரி கடைசியிலதான் கிளம்பும், நடுவுல போக முடியாது. அவ்வளவு நேரமும் தட்ட மடியில வெச்சுக்கிட்டு, முதுக நேரா வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ஆட்டம் முடிஞ்சதும் பொம்பளைங்க அவங்கவங்க தட்டக் கழுவ வரிசையில நின்னாங்க. எங்கம்மாவும் போய் நின்னா. சாப்பாடு படாத தட்ட சோப்பு போட்டுக் கழுவுனா. தொடச்சா. வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. யாரும் கழிப்பறை கேட்கவில்லை.

பஜ்ஜிக்காரிதான் கேட்டாள், "அந்தத் தட்டு இப்ப எங்க இருக்கு?"

எடுத்துக் காட்டினேன். கை மாறிக் கை மாறிக் கூடம் முழுக்கப் போய் வந்தது. குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார்கள். யூனிஸிடம் போனபோது அவள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, வைத்துக்கொண்டே நின்றாள்.

"கழுவினது எனக்குத் தெரியாது," என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்? வாய் முழுக்க கேக்."

ஜூன் 28

யூனிஸ் போன் செய்தாள். வணக்கம் இல்லை, கண்ணு இல்லை. "பலகையில 'கழுவினார்'னு முடிக்கவா, 'துடைத்தார்'னு முடிக்கவா?"

"கழுவினார். அது போதும்."

"கொன்செட்டான்னு எழுதறப்ப ரெண்டு 'டி' எழுத்துதானே?"

"ரெண்டு. ஒண்ண விட்டா ஏணி கொண்டு வந்து நானே செதுக்குவேன்."

"செய்வ," என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூலை 15, சனி

நூற்றாண்டு விழா. அழைப்பிதழில் வழக்கம்போல் "தட்டு கொண்டு வரவும்" என்று அச்சடித்திருந்தது. என்னுடையதில் மட்டுமில்லை, எல்லார் அழைப்பிலும் அதற்குக் கீழே பேனாவால் யூனிஸ் எழுதியிருந்தாள்: நிரம்பியதாக. ஊர் முழுக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். விரல் வலித்திருக்கும். வலிக்கட்டும்.

நான் பலகாரம் எதுவும் செய்யவில்லை. அம்மாவின் தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், நீள மேசையில், சாண்ட்விச்சுக்கும் ஸ்கோனுக்கும் நடுவில், காலியாக வைத்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதுகை நேராக வைத்துக்கொண்டு.

பார்ட்டனின் மகன் கூரையைப் பார்த்தான். க்ளாரி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான். சுவரில் புதுப் பலகை பளபளத்தது. பியானோ, முதலை, அதற்குக் கீழே கொன்செட்டா பெலான்டி. முதலைக்கு அடுத்து வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை, பிறகு சொல்வேன்.

யூனிஸ் மேசையின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தாள். கைத்தடியோடு, அவசரமில்லாமல். தன் தட்டிலிருந்து ஒரு லாமிங்டன் எடுத்தாள். சாக்லேட்டில் தோய்த்துத் தேங்காய்த்தூளில் புரட்டிய அந்தச் சதுர கேக்தான், அவள் அம்மாவின் கைப்பக்குவம். அம்மாவின் தட்டில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் லோர்னா வந்தாள், பிறகு க்ளாரி, பிறகு யார் யாரோ. நீலக் கரை மறைந்துவிட்டது.

லாமிங்டன் காய்ந்து போயிருந்தது. சொன்னேன், "காஞ்சு போச்சு, யூனிஸ்."

"இன்னொண்ணு எடு," என்றாள்.

எடுத்தேன்.

எல்லாம் முடிந்ததும் பெண்கள் தட்டு கழுவ வரிசையில் நின்றார்கள். நானும் போய் நின்றேன். எனக்கு முன்னால் யூனிஸ். அவள் நகர்ந்து குழாயை எனக்கு விட்டாள்.

தட்டைக் கழுவினேன். தேங்காய்த்தூள், சாக்லேட், ஓரத்தில் வெண்ணெய். நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது, தேய்க்க நேரம் பிடித்தது.