வலது பக்கத்துக் கதவு

பிப்ரவரி 9

அன்புள்ள அளவைக்காரருக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் என்றால் தபால்தலைக்கு மரியாதை கொடுத்தாவது இருவரும் அடங்கியிருப்போம்.

நம் தும்பியை விற்றுவிட்டேன். இத்தனை வருடம் ஓட்டிய குட்டி விமானம். கொட்டகையிலிருந்து வெளியே தள்ளிக் கொடுத்தபோது அழுகை வந்தது. வாங்கியவர் எதிரில் அழவில்லை. பதிலுக்கு வேறொன்று வாங்கியிருக்கிறேன். தும்பிக்கு இறக்கை தலைக்கு மேலே, இதற்குக் காலடியில். வேகம் அதிகம், தூரமும் போகும். மூக்கு நீண்டு கடுகடுவென்று இருப்பதால் உம்மணாமூஞ்சி என்று கூப்பிடுகிறேன். உங்கள் ஞாபகம் வந்தது தற்செயல்தான்.

வாரமெல்லாம் ஊரார் பல்லை ராவிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாணவியாகிறேன். "தும்பிய மறந்துடுங்க டாக்டர். இதுக்கு வேற கை வேணும்" என்கிறார் பயிற்சியாளர். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பல் டாக்டர்

பிப்ரவரி 16

பல் டாக்டரம்மாவுக்கு,

நலம். ஒரு வார்த்தை கேட்காமல் விற்றிருக்கிறாய். விமானம் உன் பெயரில், உன் உழைப்பில் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வலது பக்கத்து ஜன்னல் என்னுடையது.

நாளெல்லாம் வெயிலில் நின்று தரையை அளக்கிறவனுக்கு, அதே தரையைச் சும்மா பார்க்கக் கிடைத்த இடம் அது. மொட்டை மாடியில் காயும் துணி, ஏரித் தண்ணீரில் நம்மோடு கூடவே வரும் நிழல். இனி எட்டிப் பார்த்தால் இறக்கைதான் தெரியும். அதை அளந்து நான் என்ன செய்ய?

இங்கே நான் வேலை பார்க்கும் பாலம் முடியப் போகிறது. நிரந்தரமாக இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நீயும் ஏதாவது சொன்னால் தேவலை.

இப்படிக்கு,
அளவைக்காரன்

பிப்ரவரி 25

அன்புள்ள உங்களுக்கு,

'நிரந்தரம்' என்ற வார்த்தையைப் படித்துவிட்டு வேலைக்குப் போய், ஒருவருக்கு நல்ல பல்லைப் பிடுங்கப் பார்த்தேன். அவர் கத்தியதால் பிழைத்தார். என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? 'வாங்க' என்று சொல்ல ரோஷம் விடவில்லை. 'இருங்க' என்று சொல்ல வாய் வரவில்லை.

நேற்று மாலை தனியாகப் பறந்தேன். நீங்கள் சொன்னது சரிதான், கீழே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மேலே எதுவும் மறைக்கவில்லை. மேகம் நெற்றியைத் தொடுகிற மாதிரி வந்து வந்து போயிற்று. மஞ்சள் வெளிச்சம் மடியில் விழுந்து கிடந்தது. போகிறேனா, ஒரே இடத்தில் நிற்கிறேனா என்றே தெரியவில்லை. ஊமை கண்ட கனவு மாதிரிதான். யாரிடம் சொல்ல? பக்கத்து இருக்கை காலி.

உங்கள் அக்கா வந்து சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, இதுக்கு ஒரே கதவா? செஞ்சவன் இன்னொண்ண மறந்துட்டானா?" என்றார். மறக்கவில்லை, இந்த வகைக்கு அப்படித்தான். கதவு வலது பக்கம் மட்டும். ஓட்டுகிறவள் முதலில் ஏறி நகர்ந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் வருகிறவர் கடைசியில் ஏறிக் கதவைச் சாத்த வேண்டும். அவர் இறங்காமல் நான் இறங்க முடியாது.

வெளியூர் வேலைக்குச் சம்மதித்துவிட்டதை நடுவானத்தில் சொன்னீர்களே, அன்று தும்பியில் உங்களுக்கொரு கதவு, எனக்கொரு கதவு இருந்தது. நீங்கள் உங்கள் பக்கம் இறங்கி பஸ்ஸைப் பிடித்தீர்கள். நான் என் பக்கம் இறங்கிக் கொட்டகைக்குப் போனேன். இதில் அந்த வசதி இல்லை.

இப்படிக்கு,
நான்தான்

மார்ச் 4

அன்புள்ள டாக்டரம்மா,

ஆக, என்னை வாசல் காவலுக்கு வைக்கப் பார்க்கிறாய். சம்பளம் என்ன?

சிரித்தேன், மறைக்கவில்லை. ஆனால் கதவு ஒன்றானால் மனசு ஒன்றாகிவிடாது. தரையில் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவாய் என்றுதான் அன்று மேலே வைத்துச் சொன்னேன். நீயும் முழுசாகக் கேட்டாய். கேட்டுவிட்டு, "போகணும்னா போங்க" என்றாய். போனேன். இன்றுவரை நீ இந்த ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது.

இப்படிக்கு,
அளவைக்காரன்

மார்ச் 17

என் அன்புக்கு,

எட்டிப் பார்த்தேன், நேற்று.

தும்பியை ஏன் விற்றேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. அதில் உங்கள் ஊருக்கு ஒரே மூச்சில் வர முடியாது. வழியில் இறங்கி பெட்ரோல் ஊற்ற வேண்டும். இரண்டு முறை கிளம்பினேன். இரண்டு முறையும் அங்கே இறங்கியதும் ரோஷம் வந்து திரும்பிவிட்டேன். இது நிற்காமல் வரும். அதற்காகத்தான் மாற்றினேன்.

நேற்று வழியெல்லாம் பஞ்சு மேகம். உங்களிடம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். திடீரென்று என்ஜின் இருமியது, அடங்கிவிட்டது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. தும்பியில் பெட்ரோல் குமிழை 'இரண்டும்' என்று வைத்துவிட்டால் இரண்டு டேங்கும் சேர்ந்தே குறையும், யோசிக்கவே வேண்டாம். இதில் 'இரண்டும்' கிடையாது. இடது, வலது என்று அரை மணிக்கொரு தரம் நாமேதான் மாற்ற வேண்டும். பழக்கதோஷம், மறந்துவிட்டேன். இடது காலி, வலது நிறைய. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. குமிழைத் திருப்பினேன், உயிர் வந்தது, அதற்கும் எனக்கும். பயந்தேன். அந்த நிசப்தத்தில் உங்களைத்தான் நினைத்தேன், கோபமாகத்தான்.

பிறகு விமானத்தைச் சாய்த்தேன். சாய்த்தால் கீழே தெரிகிறது. உங்கள் பாலம் முழுசாகத் தெரிந்தது. நன்றாக வந்திருக்கிறது.

உங்கள் ஊர் விமானத் திடலில் இறங்கி பெட்ரோல் போட்டேன், ஒரு டீ குடித்தேன். வாடகைக் கார்க்காரர், "எங்கம்மா போகணும்?" என்றார். அங்கேயும் ரோஷம் வந்துவிட்டது. திரும்பிவிட்டேன்.

வாங்க என்று சொல்லிவிட்டேன், இதோ. வாங்க.

உங்கள்,
பல் பிடுங்கி

மார்ச் 22

என் கண்ணுக்கு,

என்ஜின் அடங்கியதைப் படித்தேன். முதலில் திட்டி நான்கு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். நீ இங்கே வந்து இறங்கிய நேரம் நான் வீட்டில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு சத்தம் கேட்டது. தும்பியின் சத்தமில்லை என்று நிமிரக்கூட இல்லை. பாவி, நிமிர்ந்திருக்கலாம்.

நிரந்தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தத் திடலில் நிற்பேன். ஒரு பெட்டிதான். வழியில் அரை மணிக்கொரு தரம் "மாத்தும்மா" என்று சொல்வது இனி என் வேலை. தூங்கிவிட்டால் கிள்ளு. கீழே பார்க்க ஆசை வந்தால் சொல்கிறேன், கொஞ்சம் சாய்த்துக் காட்டு.

கடைசியில் ஏறுகிறவர்தான் கதவைச் சாத்த வேண்டும் என்றாயே. இதுவரை நான் சாத்திய கதவெல்லாம் வெளியே நின்று சாத்தியதுதான். இந்தத் தடவை உள்ளேயிருந்து சாத்துகிறேன்.

உன்னவன்