என் சந்தோஷம் கையில்தான் வரும்

அன்பும் மரியாதையும் உள்ள அப்பாவுக்கு,

மஸ்கட்டிலிருந்து நந்தனா. உங்கள் முட்டுவலி குறைந்ததா? பூதப்பாண்டியில் மழை விட்டதா? அம்மா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் சுகம்.

ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். சந்தோஷம் வந்தால் என் கைகள் படபடவென்று அடித்துக்கொள்ளுமே, "கைய அடக்கு மக்கா, ஆளுவ பாக்காவ" என்று கல்யாண வீடுகளில் மெல்லச் சொல்வீர்களே. இங்கேயும் நாலு பேர் முன்னால் தொடைக்கடியில் வைத்து அடக்கியே இருந்தேன்.

போன வாரம் ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாளராக அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். என் முகம் அசையவில்லை. மேலாளர் குழம்பிப்போய், "உனக்கு இதில் விருப்பம் இல்லையா?" என்று கேட்டார். பதவி கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். அங்கேயே வேலை பார்க்கும் என் அறைத்தோழி, குளச்சல்காரி லிஜி, காதோடு சொன்னாள்: "ஏட்டி, கைய எதுக்கு ஒளிச்சு வச்சிருக்க? ஆட்டிக்கோ."

எழுந்து நின்றேன். "எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. என் சந்தோஷம் முகத்தில் வராது, கையில்தான் வரும்" என்று சொல்லிவிட்டுக் கைகளை அவற்றின் போக்கில் அடிக்க விட்டுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை அப்பா. அவை ஓயும்வரை காத்து நின்று மேலாளர் கைகுலுக்கினார்.

லிஜி அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாள். கழுத்தில் உறுத்தாமல் லேபிள் வெட்டிய பருத்திச் சட்டை இரண்டு அவளிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் நம் கடையில் வருகிறவர்களிடம் பேசுவதைப் போனில் பதிந்து அனுப்புங்கள். விடுமுறை நாளில் அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. கடையில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், "நல்லா இருக்கா" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். ஆட்டிசம் உள்ள என் மகள் அங்கே பொறுப்பாளர் என்று உரக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
நந்தனா