ஆரல்வாய்மொழிக் காற்றில் உன் வண்டி

முன்சீட்டில் சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே முழங்கையை நீட்டியபடி தூங்கும் என் ஜஸ்டின் அண்ணனுக்கு,

உன் வண்டி இன்னும் நம் வீட்டில்தான் நிற்கிறது. விற்றிருப்போம் என்று நினைத்தாயா? விற்கத்தான் சொன்னாள் அம்மா. ஆனால் நீ போன பிறகு அதன்மேல் போட்ட தார்ப்பாயை அவளே யாரையும் தொடவிடவில்லை. தேங்காய்ப்பட்டணத்து உப்புக்காற்று தார்ப்பாய்க்குள்ளும் புகும் என்று சொல்லிப் பார்த்தேன். புகட்டும், அரித்துத் தின்னட்டும் என்றாள்.

அவளுக்கு வண்டிமேல் என்ன கோபம் என்று உனக்குத் தெரியாது. அன்று நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் உன் தலை அம்மாவின் மடியில். மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டி பறந்து வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார் டாக்டர். டாக்டருக்கு இந்த வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாள் அம்மா. வண்டி இழுக்கவில்லை, இழுத்திருந்தால் பிள்ளை இருந்திருப்பான். அதன்பின் அவள் வாயில் இது ஒன்றுதான்.

நீயும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாய்? கத்தாரில் வெல்டிங் வேலை பார்த்து வாங்கிய கார். சின்ன எஞ்சின்தான், ஆனால் டர்போ காற்றை அமுக்கி ஊட்டுவதால் பெரிய வண்டிக்கே ஈடு கொடுக்கும் என்று, வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து உட்கார வைத்து விளக்கினாய். மீன்காரரையும் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு லீவிலும் ஒரே குறை. லாரியை முந்தப்போகும் நேரத்தில் வண்டி பின்வாங்குகிறது, உள்ளே ஏதோ கிணுகிணுக்கிறது. மெக்கானிக் பிளக்கை மாற்றினார். பெட்ரோல் சரியில்லை என்றார். கடைசியில் எஞ்சினைப் பிரிக்கலாம் என்றார். அதற்குள் உன் லீவு முடிந்துவிடும்.

ஆடி பிறந்த வாரத்தில் நீ கனவில் வந்தாய். வண்டி போய்க்கொண்டிருந்தது, ஓட்டுவது யார் என்று தெரியவில்லை. எஞ்சின் சத்தமே இல்லை, காற்று மட்டும். உன் சட்டைக்கை படபடத்தது. நீ தூங்கவில்லை, எதையோ காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். என்னவென்று கேட்பதற்குள் விழித்துவிட்டேன். காலையில் எழுந்து தார்ப்பாயை எடுத்தேன். அம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நீ சிரிப்பாய். தெரியாதுதான். ஆனால் ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு சாதனத்தைச் செருகினால், எஞ்சின் ஒவ்வொரு நொடியும் என்ன நினைக்கிறது என்பதை செல்போனில் வரிசையாகப் பதிந்து தருகிறது. மனுசனுக்கு எடுத்ததுபோக இப்போது வண்டிக்கும் ஈசிஜியா என்றாள் அம்மா.

முதல் நாள் பதிவிலேயே உன் வண்டியின் நோய் தெரிந்தது. அதற்குப் பெயர் நாக். பிளக்கின் பொறியிலிருந்து தீ பரவி வருவதற்குள், மூலையில் கிடக்கும் பெட்ரோல் தானாகவே வெடித்து உள்ளே தட்டுவது. அதைக் கேட்பதற்கு எஞ்சின் உடம்பில் காதுபோல ஒரு சென்சார் உண்டு. தட்டல் கேட்டதும் கம்ப்யூட்டர் பயந்துபோய், பொறியைத் தாமதமாக்கி டர்போ காற்றையும் குறைத்துவிடும். எஞ்சின் உடையாமல் தப்பும், இழுவை போய்விடும். உன் வண்டியில் எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு நாலாயிரத்தை நெருங்கும்போதெல்லாம், செல்போனில் நாக் என்ற கட்டத்தில் எண் ஏறியது. நல்ல பெட்ரோல் போட்டும் பார்த்தேன். அதே கதைதான்.

நாக் என்றால் எஞ்சினுக்குப் பாரம் கூடக்கூட அதுவும் கூட வேண்டும். பாரத்தைக் கூட்ட நான் என்ன செய்ய? அப்போதுதான் ஆரல்வாய்மொழி ஞாபகம் வந்தது. ஆடிக்காற்றில் அந்தக் கணவாய் ஆளையே தள்ளுமே. கிழக்கே போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது, ஆக்சிலேட்டரில் காலை வைத்தால் போதும். திரும்பும்போது எதிர்க்காற்று, அதே வேகத்துக்கு, அதே நாலாயிரம் சுற்றுக்கு மிதித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. இருபுறமும் காற்றாலைகள், எந்த அவசரமும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. நீ பக்கத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு பேசியபடி ஓட்டினேன். இருந்தாயா?

வீட்டுக்கு வந்து இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். காற்றோடு போனதிலும் காற்றை எதிர்த்து வந்ததிலும் தட்டல் ஒன்றுபோலவே இருந்தது. பாரத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. அப்படியென்றால் எஞ்சினுக்குள் எதுவும் வெடிக்கவில்லை. அந்தக் காது வேறு ஏதோ சத்தத்தைக் கேட்டு வீணாகப் பயந்திருக்கிறது.

பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, என் கை போகிற இடமெல்லாம் தடவினேன். எஞ்சின் ஓரத்தில், ஒரு இரும்புப் பட்டைக்கு அடியில், மெல்லிய கம்பியில் தொங்கியது அந்தோணியார் சுரூபம். அவர் உருவம் பதித்த உலோக வட்டம், பத்துப் பைசா அளவு. விரலால் தட்டினேன், கிண் என்றது. எஞ்சின் நாலாயிரம் சுற்றில் அதிரும்போதெல்லாம் இதுதான் பட்டையில் மோதித் தட்டியிருக்கிறது. கம்பியின் முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு. ஜெபமாலை கோக்கும் அம்மாவின் முடிச்சு.

வண்டியைக் கோயிலில் மந்திரித்த அன்று, கண்ணாடியில் எதையும் தொங்கவிடக் கூடாது, பாதை மறைக்கும் என்று நீ அவளோடு சண்டை போட்டது நினைவிருக்கிறதா? அவள் தோற்றுப்போனதாக நாம் இரண்டுபேரும் நம்பினோம்.

நிமிர்ந்தால் அம்மா பின்னால் நின்றாள்.

“அந்தோணியாரைப் பாத்துட்டியா?” என்றாள். நான் தலையாட்டினேன். “நான் கெட்டினதுதான் வண்டியைப் பிடிச்சு வச்சுதா மக்கா? உள்ளதைச் சொல்லு.”

நீ கிணுகிணுப்பு என்று சொன்ன முதல் நாளே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அவிழ்த்தால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டாள். நீ போன பிறகு யாரிடம் சொல்வாள்? வண்டிமேல் கோபம் என்று நான் நினைத்ததெல்லாம் இதுதான் அண்ணா. இத்தனை மாதமும் பக்கத்திலேயே படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அது லாரியை முந்தவிடாமல் வண்டியைப் பிடித்தது உண்மைதானே? சும்மா சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். சுரூபத்தைத் தொடாமல் பானெட்டை மூடினேன். அன்றைக்குப் போன வழியில் ஒருதடவை போய்வருவோம் என்றேன். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள், அன்று இருந்த அதே பக்கம்.

போனை அவள் மடியில் வைத்து, நாக் என்ற கட்டத்தைக் காட்டி, அந்தோணியார் தட்டினால் இதில் எண் ஏறும் என்றேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, சைபர் தெரியும். அன்று போலவே பள்ளிக்கூடம் விடும் நேரம். அன்று மிதித்ததைவிடக் கூடவே மிதித்தேன். புதுக்கடையில் பஸ் குறுக்கே நின்றது. ஐஸ் பெட்டி ஏற்றிய மீன் ஆட்டோ ஒன்று வழிவிடாமல் முன்னாலேயே போனது. வளைவு முடிந்தால் அடுத்த வளைவு, ரப்பர் மரங்களின் நிழல் கண்ணாடியில் ஏறி இறங்கியது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன், ஜெபமாலை மணியை நகர்த்துவதுபோல் அவள் பெருவிரல் போனின் ஓரத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த ரோட்டில் நாலாயிரம் சுற்று எங்கே வரும்? ஒரு இடத்தில்கூட முள் அதை எட்டவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். அம்மா போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். புறப்பட்டபோது இருந்த சைபர் அப்படியே இருந்தது.

“அந்தோணியாரு மிண்டவே இல்லியே மக்கா, ஒரு சத்தம்கூட இல்லியே,” என்றாள்.

பிறகு உன் பெயரைச் சொல்லி அழுதாள். நீ போன நாளிலிருந்து அவள் அப்படி அழுதது அதுதான் முதல்தடவை. நானும் அழுதேன். வாசலை மறிக்கிறோம் என்று சொல்ல வந்த காவலாளி, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

சுரூபம் இப்போது முன்கண்ணாடியில் தொங்குகிறது. பாதை மறைக்கிறது என்று சண்டை போட நீயே வந்தால்தான் உண்டு. வண்டி இழுக்கிறது அண்ணா. நீ சொன்னதுபோலவே இழுக்கிறது, மீன்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

ஒவ்வொரு ஆடியிலும் ஆரல்வாய்மொழிக்கு வண்டியைக் கொண்டுபோவேன், இது சத்தியம். அம்மா பின்சீட்டில் வருவாள். முன்சீட்டில் யாரையும் உட்காரவிட மாட்டேன், அந்தப் பக்கத்து ஜன்னலை முழுக்க இறக்கியே வைத்திருப்பேன். நீ முழங்கையை நீட்டிக்கொள்.

லாரியை முந்தப் பழகிவிட்ட உன் தங்கச்சி,
ஸ்டெல்லா