எதிர்ப்பக்க நட்டு

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், அப்பா. எனக்குச் சாதகமாக ஒரு வரியையும் மாற்ற மாட்டேன்.

இன்று காலை பள்ளி வேன் ஏரிக்கரை அருகே பஞ்சராகி நின்றது. டிரைவர் அண்ணன் ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக இறுக்கத் தொடங்கினார். அருகில் நின்ற என் கை தானாக நீண்டு எதிர்ப்பக்க நட்டைத் தொட்டுக் காட்டியது.

"ஆமாம்மா, அதான் கரெக்ட்டு, எதிரெதிரா இறுக்கினாதான் சக்கரம் சமமா உக்காரும். அவசரத்துல மறந்துட்டேன். உனுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல," என்றேன்.

அது பொய்யில்லை. சோப்பு போட்டுக் கழுவியும் விரலில் கிரீஸ் வாசனை போகவில்லை. அதனால்தான் பள்ளி விட்டதும் நூலகத்துக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ இருபது வருடம் கல்பாக்கத்துக்கு ஊழியர் பஸ் ஓட்டினாய். பக்கவாதம் வந்ததும் வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. மிஞ்சியது ‘சரி’ என்ற ஒரே சொல். சாப்பிட்டாயா என்று கேட்டால் ‘சரி’. வலிக்கிறதா என்று கேட்டாலும் ‘சரி’.

நான் பழைய காலண்டரை வெட்டி அட்டைகள் செய்தேன். தண்ணீர், சாவி, கடிகாரம், செருப்பு, மகள். ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தேன். எதைக் காட்டினாலும் நீ ஜன்னலைப் பார்த்தாய். ‘மகள்’ அட்டைக்கும் ஜன்னலைத்தான் பார்த்தாய். ஒரு நோட்டில் தேதி போட்டு, ‘ஐந்தில் ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதி, அதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்தும் காட்டினேன்.

அந்த மாதம் பள்ளியில் பேச்சுப்போட்டி. மொழியின்றி அறிவு உண்டா என்பது தலைப்பு. இல்லை என்று பேச முடிவுசெய்து, உன் கட்டிலுக்கு எதிரே இருந்த கண்ணாடியில் பார்த்துப் பயிற்சி எடுத்தேன். "சொல் போன மனிதரிடம் அறிவும் தங்குவதில்லை" என்ற வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைக் கையை வீசிச் சொன்னேன்.

"மெதுவா பேசுடி, அப்பா கீறாரு," என்றாள் அம்மா.

"அப்பாவுக்கு இன்னாம்மா புரியப் போவுது?"

நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு முதல் பரிசு கிடைத்தது.

அடுத்த ஞாயிறு, படூரில் வாடகைக் கார் ஓட்டும் பெரியப்பா மகன் நம்மைத் திருவிடந்தைக்கு அழைத்துப் போனான். அங்கே மாலை போட்டுக்கொண்டு பெருமாள் கோயிலை ஒன்பது முறை சுற்றினால் கல்யாணம் கூடிவரும். முப்பத்திரண்டு வயதில் அண்ணனுக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது.

"ஒம்போது சுத்து பத்துமாடா உனுக்கு?" என்றாள் அம்மா.

"பத்தலனா பொண்ணு கெடைக்கற வரிக்கும் சுத்திகினே கீறேன் சித்தி. நீங்க பஸ்ஸுல போய்க்கங்க."

மாமல்லபுரம் தாண்டியதும், முன் இருக்கையில் இருந்த நீ இடது கையால் டாஷ்போர்டைத் தட்ட ஆரம்பித்தாய். "சரி, சரி, சரி."

"பாரேன், கடல் காத்து பட்டதும் சித்தப்பா குஷியாய்ட்டாரு," என்று அண்ணன் வேகத்தைக் கூட்டினான்.

பின்னால் இருந்த எனக்கு உன் பாதி முகம் தெரிந்தது. லீவு நாட்களில் உன் பஸ்ஸில் வரும்போது, எங்கோ ஒரு சத்தம் கேட்டால் தலையைச் சாய்த்துக் கவனிப்பாயே, அந்த முகம். எட்டிப் பார்த்தேன். மிதி எதுவும் இல்லாத இடத்தில் உன் இடது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"அண்ணா, நிறுத்து."

"இன்னாத்துக்கு?"

"அப்பா பிரேக் போடறாரு. நிறுத்துண்ணா."

நிறுத்தினான். முந்தின நாள்தான் அவனே டயர் மாற்றியிருக்கிறான். முன் சக்கரத்தின் நான்கு நட்டும் தளர்ந்திருந்தன. ஒன்று கையாலேயே சுழன்றது. அண்ணன் ஸ்பேனரை எடுத்தான். அம்மா தாங்கிப் பிடிக்க நீ இறங்கி நின்றாய். அவன் ஒரு நட்டை இறுக்கிவிட்டுப் பக்கத்து நட்டுக்குப் போனபோது, மணிக்கட்டில் தட்டி எதிரில் இருந்ததைக் காட்டினாய். கடைசி நட்டை நீயே இறுக்கப் பார்த்தாய். ஒற்றைக் கை போதவில்லை. என் கையை இழுத்து ஸ்பேனரில் வைத்து, அதன்மேல் உன் கையை வைத்து அழுத்தினாய். ஓர் இடம் வந்ததும் விட்டுவிட்டாய்.

"சித்தப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சிதான்டி கீது," என்றான் அண்ணன்.

அவன் சந்தோஷமாகச் சொன்னான். நான் உன் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறினேன். நட்டு தளர்ந்ததை உட்கார்ந்த இடத்திலிருந்தே அறிந்த உனக்கு, கண்ணாடி முன் நான் பேசியது மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்? சக்கரத்தை அறிவது வேறு, சொல் புரிவது வேறு என்று எனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தேன். ஆனால் மகள் கையை வீசி ஏளனமாகப் பேசுகிறாள் என்பது புரிய, சொல் எதற்கு?

திரும்பும் வழியில் உன் காதருகே குனிந்து, "அன்னிக்கு நான் பேசனது உனுக்குப் புரிஞ்சிதாப்பா?" என்று கேட்டேன்.

"சரி."

எந்தக் கேள்விக்கும் அதுதானே உன் பதில். ஆனால் சற்று நேரம் கழித்து, கதவோரமாக இடது கையைப் பின்னால் நீட்டினாய். நம் ஊர் திருக்கழுக்குன்றம் மலை தெரியும்வரை என் விரல்களைப் பிடித்திருந்தாய். உன் கை கிரீஸ் என் கையிலும் ஒட்டியது. மன்னித்தாய் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உள்ளபடி எழுதுவதாகச் சொன்னதால், பிடித்திருந்தாய் என்று மட்டும் எழுதுகிறேன்.

மாவட்டப் போட்டியில் அந்த வரி வந்ததும் எனக்கு வாய் வரவில்லை. நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். வீட்டுக்கு வந்து உன் கட்டிலில் உட்கார்ந்தேன். நீ நகர்ந்து இடம் கொடுத்தாய். அந்த வருட மழைக்காலம் முடியும்முன் நீ இல்லை.

இன்று டிரைவர் அண்ணன் ஸ்பேனரை என்னிடம் நீட்டி, "நீயே ஒண்ணு இறுக்கு பாப்போம்," என்றார். இறுக்கினேன். எவ்வளவு இறுக்கினால் போதும் என்பதை எழுத இங்கே அரை மணி நேரமாகச் சொல் தேடுகிறேன், அகப்படவில்லை. காலையில் என் கை அந்த இடம் வந்ததும் தானாக நின்றது.

நூலகர் அக்கா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வருகிறார். என் மேசைக்கு மேலிருந்த விளக்கையும் அணைத்துவிட்டார்.