மாடியில் இன்னொரு ஐம்பது

மார்ச் 4, செவ்வாய்

பாட்டு மறுபடியும் நின்றது. மாலை ஐந்து ஐம்பது. ஆறே முக்காலுக்குத் தானாகவே வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. நேற்றும் இப்படித்தான்.

கைப்பேசியில் ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. கிடைக்காமல் எங்கே போகும்? படிக்கட்டுக்குக் கீழே அலமாரியில், பச்சை விளக்கு எரிய, உட்கார்ந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு கணினி. அம்மா பாடிய அறுபத்து மூன்று கேசட்டுகளையும் போன வருஷம் அதில்தான் ஏற்றினேன். ஹாலில் ஒரு ஸ்பீக்கர், சமையலறையில் ஒன்று. வேலைவிட்டு வந்து கை கழுவிக்கொண்டே கேட்பேன். அது ஒன்றுதான் பழக்கம்.

மார்ச் 5, புதன்

கேபிளை மாற்றினேன். ஐந்து நாற்பத்தைந்துக்கு நின்றது. கேபிள் இல்லை.

ரவுட்டர் மாடியில், அண்ணன் வீட்டு நடையில் இருக்கிறது. அங்கிருந்து படிக்கட்டுச் சுவரோரம் ஒரே ஒரு கேபிள் கீழே இறங்குகிறது. அம்மா இருந்தபோது அண்ணன் இழுத்தது. அப்போது வீடு ஒன்று. இப்போதும் வீடு ஒன்றுதான், பேச்சுதான் இல்லை. பதினான்கு மாதம். தண்ணீர் மோட்டார், குப்பை வண்டி, கேட் சாவி – எல்லாவற்றுக்கும் அண்ணிதான் தூது.

ரவுட்டரைப் பார்க்க வேண்டுமானால் மேலே போக வேண்டும். வேண்டாம். கோளாறு கீழேதான் இருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்க விட்டேன். ஏழு மணி நேரம். ஒரு குறையும் இல்லையாம். அடாப்டரையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

நான் வேலை செய்கிற பல் செட் லேபில் இன்று நான்கு பல் உறை, ஒரு முழு மேல்செட். செட் வாயில் உட்காரவில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பிய ஒன்றும் வந்தது. உட்காராததற்கு எப்போதும் ஒரே ஒரு காரணம்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை எல்லாமே காரணமாகத் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

காலை ஒன்பது இருபதுக்கு நின்றது. பத்து மணிக்கு வந்தது.

நின்ற நேரங்களை ஆர்டர் சீட்டின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறேன். வார நாளில் ஐந்து நாற்பதிலிருந்து ஆறே முக்காலுக்குள். சனிக்கிழமை இல்லவே இல்லை. ஞாயிறு காலையில்.

அண்ணன் லிஃப்ட் பரிசோதகன். சனிக்கிழமை முழுக்க வெளியூர் சுற்று. வார நாளில் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவான்.

மார்ச் 10, திங்கள்

லேபில் ஸ்கேனர் ஓட்டுகிறவரிடம் கேட்டேன். எதையும் மில்லிமீட்டரில்தான் சொல்லுவார். மழை பெய்தாலும். அதனால் அவர் பெயரே மில்லிமீட்டர் ஆகிவிட்டது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சர்வருக்கு வீட்டுக்குள் என்ன முகவரி என்றார். கடைசி எண் ஐம்பது, நானே வைத்தது என்றேன்.

அடுத்த தடவை நிற்கும்போது சர்வரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு அதே முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அதற்கு ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. அந்த முகவரியில் ஏதாவது இருந்தால் பதில் வரும். பிடுங்கிய பிறகு எப்படி வரும் என்று கேட்டேன். வரக் கூடாது, அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

ஐந்து நாற்பத்தெட்டு. நின்றது.

கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். கூப்பிட்டேன்.

பதில் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக. சர்வர் இங்கே செத்த மாதிரி கிடக்கு, கேபிள் என் கையில இருக்கு, பதில் எங்கேயிருந்து வருது? கேபிளோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பயப்பட என்ன இருக்கு இதுல? கம்ப்யூட்டர் சமாச்சாரம்.

ஆனாலும் அம்மாவின் பாட்டு இருக்கிற முகவரியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

மார்ச் 12, புதன்

மில்லிமீட்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டிருக்கீங்க மேடம். தபால்காரர் ஒரு நாள் அங்க போடறார், ஒரு நாள் இங்க போடறார்.” அந்த இன்னொரு ஐம்பது என்ன என்று பார்க்க ஒரு செயலி போட்டுக்கொடுத்தார்.

சாயங்காலம் பார்த்தேன். பாட்டுக் கேட்கும் கருவி செய்கிற ஒரு கம்பெனியின் பெயர் வந்தது. என்னிடம் அப்படி எதுவும் இல்லை. ஆக, மாடியில் புதிதாக ஒரு பாட்டுப் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். அண்ணன் எதையும் தானாக ஓட விடமாட்டான், எல்லாவற்றுக்கும் நிலையான எண் கொடுப்பான். அவனுக்கும் ஐம்பது, நூறு மாதிரி முழுசான எண்தான் பிடிக்கும். ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

அதை அவன் போடும்போதெல்லாம் என்னுடையது காணாமல் போகிறது. வேண்டுமென்றே செய்கிறானோ என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை. அவன் கோபம் அந்த வகை இல்லை. அவன் கோபித்துக்கொண்டால் சும்மா இருப்பான்.

மார்ச் 13, வியாழன்

இரண்டு வழி. மேலே போய், உன் பெட்டியின் எண்ணை மாற்று என்று சொல்வது. இல்லாவிட்டால் என்னுடையதை மாற்றிக்கொள்வது.

என்னுடையதை மாற்றினேன். அறுபத்தொன்று. இரண்டு நிமிஷ வேலை. ஒன்பது நாள் முட்டி மோதியதற்கு இவ்வளவுதான்.

யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஆறு மணி. ஆறரை. ஏழு. நிற்கவே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். யார் எப்போது எந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்று ஒவ்வொரு வரியாக எழுதி வைத்திருக்கிறது. பழுது நிஜமாகவே தீர்ந்ததா என்று பார்க்கத்தான் திறந்தேன்.

என் கைப்பேசி. என் கைப்பேசி. என் கைப்பேசி. நடுவில் – ஐம்பது.

மாடிப் பெட்டி என் சர்வரிலிருந்து பாட்டு எடுத்திருக்கிறது. வெள்ளி மாலை, ஞாயிறு காலை, நேற்று மாலை.

மெதுவாகத்தான் மண்டையில் ஏறியது. வீட்டு நெட்வொர்க்கில் இருக்கிற எந்தப் பாட்டுப் பெட்டிக்கும் என் சர்வரின் பெயர் தெரியும். ‘அம்மா’ என்று வைத்திருக்கிறேன். அவன் அதைப் பார்த்திருக்கிறான். தொட்டிருக்கிறான். எண் ஒன்றாக இருந்ததால் அவன் பெட்டி தன்னையே போய்க் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அவனுக்கும் திறக்கவில்லை, எனக்கும் போய்விட்டது. இரண்டு வாரமாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே, அதே பாட்டுக்காக.

நான் எண்ணை மாற்றியதும் அவனுக்கும் திறந்துவிட்டது. அவனுக்கு அது தெரியாது.

மார்ச் 21, வெள்ளி

நேற்று அவன் கேட்டது ‘இஸ்திரி 17’. பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போடும்போது பாடுவாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாரம் பூராவும் அடுத்தவர் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்தவளுக்கு அன்றைக்குத்தான் தன் வாய். அண்ணனுக்குப் பதினான்கு வயதில் ஒரு டேப் ரெக்கார்டர் கிடைத்தது. அதை மேஜைக்குக் கீழே வைத்துப் பதிவு செய்வான். கேசட்டெல்லாம் அவன் எடுத்தது. ஏற்றியது நான்.

பதினோரு தடவை. அழுகிறானோ?

எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் அன்று, அம்மாவுக்கு இனிமேல் மூச்சுக்குக் குழாய் மாட்ட வேண்டாம் என்ற தாளை டாக்டர் நீட்டினார். இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அண்ணனுக்குப் போன் வந்தது, வெளியே போனான். நான் போட்டேன். அவன் திரும்பி வந்து தாளைப் பார்த்தான். “நீயே முடிவு பண்ணிட்ட” என்றான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. காரியமெல்லாம் முடிந்தும் பேசவில்லை. நானும் பேசவில்லை. என்ன பேசறது? ஆமா, நான்தான் பண்ணேன். யாராவது பண்ணணுமே.

மார்ச் 23, ஞாயிறு

காலை பத்தேகாலுக்கு அழைப்பு மணி. அண்ணன். கையில் ஒரு தாள், கழுத்தில் வேலைக்குக் கட்டிக்கொள்ளும் ஸ்டாப்வாட்ச். உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை, வரவும் இல்லை. வாசலில் நின்றே சொன்னான்.

“வேகம் தப்பா இருக்கு.”

எந்த வேகம் என்று கேட்டேன்.

“கேசட். பதினேழுல, அம்மா பாடறதுக்குப் பின்னாடி ரேடியோவில நேரம் சொல்ற மணி அடிக்குது. ஆறு பீப். நொடிக்கு ஒண்ணு, முதல்லேருந்து கடைசிக்கு அஞ்சு நொடி வரணும். உன்கிட்ட நாலே முக்காலுக்கும் கொஞ்சம் கம்மியா வருது.”

தாளில் பதினோரு அளவுகள். கீழே சராசரி.

அழுகிறான் என்று நினைத்தேன். ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

நான் கேசட் ஓட்டிய பழைய டெக் வேகமாக ஓடியிருக்கிறது. அதனால் எல்லாப் பாட்டும் அரை சுருதி கூடிவிட்டதாம். “அம்மா குரல் இப்படி இருக்காது. உனக்குத் தெரியலையா?” என்றான். தெரியவில்லை. இளமையாக இருக்கிறதே என்று நினைத்தேன். அது பிடித்துக்கூட இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும் என்றான். அறுபத்து மூன்றா என்றேன். அறுபத்து மூன்றும் என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. பதினான்கு மாதம் கழித்து வாயைத் திறந்தால் குற்றப்பத்திரிகை. ஆனால் என் வாய், “அடுத்த ஞாயிறு வா” என்றது.

மார்ச் 24, திங்கள்

மில்லிமீட்டரிடம் சொன்னேன். கேசட்டைத் தொடவே வேண்டாம், ஏற்றிய பாட்டையெல்லாம் கணினியிலேயே ஆறு சதவீதம் மெதுவாக்கிவிடலாம், ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும் என்றார்.

நன்றி சொன்னேன். அண்ணனிடம் சொல்லப்போவதில்லை.

மார்ச் 30, ஞாயிறு

டெக்கைப் பிரித்தோம். மோட்டாரின் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதற்குள் வேகத்தை மாற்றும் திருகு. அவன் கொண்டுவந்த திருப்புளி எதுவும் நுழையவில்லை. பல்லுக்குத் திருகு போடும் என் திருப்புளி நுழைந்தது. “இதையா வாய்க்குள்ள விடுவீங்க?” என்று அண்ணி கேட்டாள். அவளும் வந்திருந்தாள், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு.

நான் திருகினேன், அவன் நேரம் பிடித்தான். கொஞ்சம் இடது. ரொம்பப் போயிட்ட. திரும்ப வா. முக்கால் மணி நேரம் இதே பேச்சு. ஐந்து நொடிக்கு வந்தது.

பிறகு பதினேழை முதலிலிருந்து ஓட விட்டோம்.

குரல் இறங்கியிருந்தது. கனமாக, கொஞ்சம் களைத்து. மூச்சு எடுக்கும் இடங்களெல்லாம் தெரிந்தன. இஸ்திரிப் பெட்டியை வைக்கிற சத்தம்கூட ‘டக்’ இல்லை, ‘தொம்’. இத்தனை மாதம் நான் கேட்டுக்கொண்டிருந்தது அம்மாவைவிட அவசரமான, அம்மாவைவிடக் கவலை குறைந்த யாரோ ஒருத்தியை. இவளைத்தான் எனக்குத் தெரியும்.

அண்ணி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான்கு கேசட். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். அதைக் குறைக்க முடியாது, பாடுகிற நேரம் பாடித்தான் தீர வேண்டும். அதனால் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். அண்ணன் கேசட் அட்டைகளில் தேதி எழுதினான். எந்த ஞாயிறு எந்தப் பாட்டு என்று அவனுக்கு நினைவிருக்கிறது.

மூன்றாவது கேசட் ஓடும்போது, அட்டையைப் பார்த்தபடியே சொன்னான்.

“அன்னிக்கு எனக்குப் போன் வரல.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“வெளிய போய் லிஃப்ட் பக்கத்துல நின்னேன். கதவு மூடறதுக்கு எத்தனை நொடி ஆகுதுன்னு எண்ணிட்டு இருந்தேன். நீ கையெழுத்துப் போட்டுடுவன்னு தெரியும். போடட்டும்னுதான் போனேன்.”

அட்டையில் அடுத்த தேதியை எழுதிவிட்டு, “அப்புறம் உன் மேலயே கோவப்பட்டேன்” என்றான்.

எனக்கு என்ன வந்ததென்று எழுதத் தெரியவில்லை. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பதினான்கு மாதம் நான் மட்டும் தூக்கிட்டு இருந்தேனேன்னு இருந்தது. அவனும் தூக்கிட்டுத்தான் இருந்திருக்கான், வேற பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு.

“நீ பக்கத்துல நின்னிருக்கலாம்” என்றேன்.

“ஆமா” என்றான்.

பக்கம் முடிந்து டெக் ‘டக்’கென்று நின்றது. அவன் எழுந்து புரட்டிப் போட்டான்.

ஏப்ரல் 7, திங்கள்

லேபில் ஒரு கீழ்செட்டைச் செய்து முடித்துவிட்டு, கடைவாய்ப் பல்லை மாற்றி வைத்திருப்பதைப் பார்த்தேன். பல வருஷத்தில் இதுதான் முதல் தடவை. திரும்பச் செய்தேன்.

மே 8, வியாழன்

மாலை ஆறு மணிக்குப் பாட்டு நின்றது. படிக்கட்டுக்குக் கீழே நின்று, “அண்ணா, போயிடுச்சு” என்று குரல் கொடுத்தேன். ரவுட்டரைத் தூசி தட்டறேன், ரெண்டே நிமிஷம் என்று மேலேயிருந்து பதில்.

நான்கு நிமிஷம் ஆனது.