நல்ல சேலையில் ஒரு போட்டோ

மயிலாப்பூர்,
14.8.1996

அன்புள்ள அப்பாவுக்கு, தங்கம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எங்கள் ஆபீசில் ஒரு வேடிக்கை நடந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரக் குடிசைக்காரர்களுக்குக் கழிப்பறை கட்டித்தர வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றிடம் உதவி கேட்கிறோம். விண்ணப்பத்தோடு அங்குள்ள பெண்களின் போட்டோவும் வேண்டுமாம். நான் முதல் நாளே சொல்லிவைத்ததுதான் தப்பு. எல்லாரும் தலைகுளித்து, பூ வைத்து, கல்யாணச் சேலையில் வந்து நின்றார்கள்!

மேனேஜர் தலையில் கைவைத்துவிட்டார். "இவங்களைப் பார்த்தா யாரு உதவி பண்ணுவாங்க? பழைய புடவையில வரச் சொல்லும்மா" என்றார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். மீன் விற்கும் அஞ்சலை அக்கா சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, நல்ல பொடவை கட்னா எங்களுக்குக் கக்கூஸ் வாணாமா?"

அவர்கள் நின்ற கோலத்திலேயே போட்டோ எடுக்கச் சொன்னேன். அந்தப் போட்டோவையே, அக்கா கேட்டதையும் கீழே எழுதி, அனுப்பிவிட்டேன். மேனேஜர் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பயப்படாதீர்கள், வேலைக்கு ஒன்றும் ஆகாது.

அம்மாவிடம் சொல்லி எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தாலும் சரிதான்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அந்தப் போட்டோவில் ஒரு பிரதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் நிற்பது நான்தான். தீபாவளிக்கு நீங்கள் எடுத்துத் தந்த பச்சைச் சேலையில், சிரித்துக்கொண்டு. அதைப் பார்த்துவிட்டு, இவளுக்கு ஒன்றும் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள் அப்பா.

தங்கம்